நீறு பூக்கும் வரை

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை நம் கடையில் சுட்ட கோழி கசந்தது. சொன்னவர் எதிர்க்கடைத் தையற்காரர். பாதி தின்ற துண்டைக் காகிதத்தோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. காசு திருப்பி வேணாம். என்னன்னு மட்டும் பாருங்க" என்றார். வாராவாரம் வாங்குகிறவர், பொய் சொல்ல அவருக்கு அவசியமில்லை. கால் வீக்கத்துக்கு மருந்து வாங்கப் போயிருந்த நான் அப்போதுதான் திரும்பி வந்திருந்தேன். தின்று பார்த்தேன். உண்மைதான்.

செய்தியை முதலில் எழுதிவிட்டேன், விசாரிக்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சுகந்தானே? நான் நின்றுகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் கசப்பு மிளகாய் எரிச்சல் இல்லை, கருகலும் இல்லை. தார்ச்சாலையை நக்கியது போல நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் குடித்தாலும் எழுந்திருப்பதில்லை. மசாலாவை மாற்றினேன். கம்பி வலையைத் தேய்த்துக் கழுவினேன். இதற்கு முந்தைய வெள்ளியும் ஒருவர் முகம் சுளித்தாராம், எனக்குச் சொல்லவில்லை.

உன் அத்தானுக்கு இந்தத் தெருவில் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். புகையை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கோழியை வைப்பார் என்பதால் மூக்கண்ணன். நல்ல சட்டைகூட இல்லாத மனுஷனுக்கு அந்த ஒரு பெயர்தான் சொத்து. நேற்று ஒரு பையன் போகிறபோக்கில், "மூக்கண்ணனுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டான். அவர் சிரித்தார். அந்த அடுப்பை விட்டு இறங்கினால் அவர் என்ன ஆவார் என்று யோசிக்கக்கூட முடியவில்லை.

போன் பண்ணாதே. போன் கடை மேசையில் இருக்கிறது, அவர் காது அதற்கும் பக்கத்தில் இருக்கிறது. கடிதம் எழுது. மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு அவர் எதையும் படிக்க மாட்டார்.

உன் முதுகுவலியைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. குட்டிக்கு ஒரு பல் விழுந்தது. எனக்கு முதுகு விழவில்லை, அந்த அளவில் எல்லோரும் நலம். உன் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? நின்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.

எனக்குச் சமைக்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பாய்லர்தான். ஆனால் கசப்பு புகையிலிருந்து வருகிறது என்றால் அது என் வேலைக்குள் வரும். நெருப்புக்குக் காற்று போதாவிட்டாலோ, எரிகிற பொருளில் ஈரம் இருந்தாலோ அது எரியாமல் புழுங்கும். புழுங்கினால் கனத்த வெள்ளைப் புகை வரும். பாய்லரில் அது குழாய்க்குள் தாராகப் படிகிறது. உன் கடையில் படிவதற்கு இருக்கும் இடம் கோழித்தோல்தான்.

சில விஷயம் தெரிய வேண்டும். கரி மூட்டை எங்கே இருக்கிறது, தரை ஈரமா? பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிறாரா? அடுப்புக்குக் கீழே காற்று போகிற வாய் திறந்திருக்கிறதா? தணல் இறங்கும்போது புதுக் கரியை அப்படியே மேலே கொட்டுகிறாரா? கடைசியாக ஒன்று: அத்தான் இன்னும் மோந்து பார்த்துத்தான் கோழியை வைக்கிறாரா?

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை விசாரித்ததாகச் சொல், அல்லது சொல்லாதே. உன் வசதி.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

விழுந்த பல்லைக் குட்டி என்ன செய்தாள் என்று எழுது. இங்கே கால் அப்படியேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டு வருகிறேன். கால் வலிக்கு மருந்து வாங்க ஊரிலேயே நீளமான வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். மூட்டை பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அடிப்பக்கம் தொட்டால் சில்லென்று இருந்தது. தூக்கிப் பலகைமேல் வைத்தேன். சில கரித்துண்டுகளை உடைத்துப் பார்த்தேன், உள்ளே பழுப்பாக, பாதி விறகாகவே இருந்தன. அவற்றைப் பொறுக்கிவிட்டேன். மண்ணெண்ணெய் கிடையாது, காகிதம்தான். கீழே சாம்பல் அடைத்திருந்தது, வாரிவிட்டேன். புதுக் கரியை மேலேதான் கொட்டுகிறார். அதைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்தது இது:

"ஏன், நீ வந்து விசிறேன்? இருபது வருஷமா மேலதான் கொட்டறேன். அப்பல்லாம் இனிச்சுதா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கு வெங்காயம் உரி."

உரித்தேன். மூட்டையை மாற்றியபிறகு நான்கு நாட்கள் கசப்பு இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் கசந்தது.

நீங்கள் மூவரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லை அவள் என் சட்டைப்பையில் போட்டிருந்தாள். அது சலவைக்குப் போய்விட்டது. வீட்டில் ஒரு நாள் அழுகை. மற்றபடி நலம். உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடமாவது கொடுக்கிறாயா?

மூட்டையைத் தூக்கி வைத்ததும் வேகாத கரியைப் பொறுக்கியதும் சரி. புதுக் கரியைத் தணல்மேல் கொட்டினால் அது பற்றும்வரை விடுகிற புகையெல்லாம் மேலே இருக்கும் கோழிக்குத்தான் போகும். அடிப்பக்கம் ஓட்டை போட்ட பழைய தகரடப்பா ஒன்றில் கரியைத் தனியாகப் பற்றவைக்கச் சொல். அது சிவந்து, மேலே சாம்பல் நிறத்தில் நீறு பூத்தபிறகு அடுப்பில் சேர்த்தால் போதும். தணலை ஒரு பக்கம் ஒதுக்கிக் கோழியை மறுபக்கம் வைத்தால் கொழுப்பு நெருப்பில் சொட்டாது. கொழுப்புப் புகையும் கசக்கும்.

ஐந்து கேள்வி கேட்டேன், நான்குக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். அவசரமில்லை.

தம்பி


மார்ச் 19

மாப்ளே,

நல்லா இருக்கியா? நானும் நல்லாத்தான் இருக்கேன். உங்க அக்கா நான் கடிதம் படிக்கமாட்டேன்னு நம்பிக்கிட்டு இருக்கா. கண்ணாடி கிடைச்சிடுச்சு.

தகரடப்பா நல்ல யோசனை. செஞ்சுட்டேன். உன்கிட்ட கத்துக்கறதுல எனக்கு வெட்கம் இல்ல. ஆனா பாய்லர்ல வேகறவன் என் அடுப்புக்கு வைத்தியம் பார்க்கறான்னு தெருவுல சொல்லிடாத, கடைய மூடிட்டு உன் பாய்லர்லயே வந்து குதிக்கணும்.

தப்பு என்கிட்ட இல்ல மாப்ளே. இப்ப எந்தப் பொருள்ல உயிர் இருக்கு? எலுமிச்சம்பழம் அறுத்தா ஒரு வாசனை இல்ல. பூண்டு பேருக்குத்தான் பூண்டு. சோப்புகூட வாசனை இல்லாம செய்யறானுங்க, கேட்டா பழைய கம்பெனிதான்னு சத்தியம் பண்றான். கரி மட்டும் எப்படி ஒழுங்கா வரும்? மரத்துலயே கோளாறு.

உங்க அக்கா இப்பல்லாம் ரொம்ப அவசரப்படுத்தறா. 'ஆள் காத்திருக்காங்க, ஆள் காத்திருக்காங்க'ங்கறா. கால் வலியில பேசறா, நான் கண்டுக்கறதில்ல.

குட்டியைக் கேட்டதாச் சொல்லு. நீ முதுகுக்கு எண்ணெய் தேய். நான் எழுதினதை அவகிட்ட சொல்லாத.

அத்தான்


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆவல். வேலை கூடியிருக்கிறது. இரண்டாவது ஆள் நின்றுவிட்டதால் அவன் வேலையும் என்னிடம்தான்.

அத்தான் எனக்கு ஒரு கடிதம் எழுதினார். உன்னிடம் சொல்லக்கூடாது என்றார், சொல்லிவிட்டேன். நம் கடிதங்களை அவர் படிக்கிறார், அதனால் இதை எதிர்க்கடைத் தையற்காரர் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அதில் எலுமிச்சை, பூண்டு, சோப்பு மூன்றுக்கும் இப்போது வாசனை இல்லை என்று எழுதியிருக்கிறார்.

உன் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கசந்ததாக நீ எழுதியவை எல்லாம் வெள்ளிக்கிழமைகள். வெள்ளிக்கிழமை நீ கடையில் இல்லை.

எப்போதிலிருந்து, அக்கா?

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்கவேண்டும். இரண்டு பேர் வேலையை ஒருவன் பார்த்தால் ஒரு சம்பளமும் இரண்டு முதுகுவலியும்தான் கிடைக்கும், பார்த்துக்கொள்.

போன மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சலிலிருந்து. ஒரு நாள் பால் கெட்டுப்போயிருந்தது. நான் கீழே ஊற்ற எடுத்து வைத்ததை அவர் எடுத்துக் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கோப்பையைப் பார்த்தார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து நான்தான் அவர் மூக்கு. அவர் விசிறுவார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே புகையை இழுத்துப் பார்ப்பேன். தொண்டையைக் கரிக்காமல், சூடு மட்டும் வருகிற நேரத்தில், "ஆள் காத்திருக்காங்க, வைங்க" என்பேன். அதன்பிறகு அவர் குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, தலையை ஆட்டிவிட்டு வைப்பார். கடையில் ஒருவரும் இல்லாத நேரத்திலும் நான் ஆள் காத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்கிறேன். அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஜனவரி கடைசியில் கால் மோசமானது. வெள்ளிக்கிழமை போயே ஆகவேண்டும். போகாமலும் இருந்து பார்த்தேன், காலை ஊன்ற முடியவில்லை.

புகை ஏன் கசக்கிறது என்று உன்னிடம் கேட்டேன். மூக்கு இல்லாதவர் எப்படிப் புகையைப் பார்ப்பது என்று கேட்டிருக்கவேண்டும். அதை எழுதினால் உண்மையாகிவிடும் போல இருந்தது.

டாக்டரிடம் போகலாம் என்று ஜாடையாகச் சொன்னேன். "எனக்கென்ன குறை?" என்றார். குறை என்று நான் சொன்னால் அவர் அடுப்பை விட்டு இறங்கிவிடுவார். சொல்லாவிட்டால் தெருவே ஒருநாள் இறக்கிவிடும். தினமும் நின்று எனக்கு அலுத்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைப் பாய்லர் பக்கத்தில் நின்று படித்தேன். இங்கே சத்தத்தில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அதுவும் ஒரு வசதி. காலைக் கவனி. வெள்ளிக்கிழமையை விடாதே.

ஒரு வழி இருக்கிறது. பலிக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் வேலையில் மூக்குக்கு இடமில்லை. புகைபோக்கி கூரைக்கு மேலே இருக்கிறது. அதன் வாயைப் பார்க்க ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறோம். வெள்ளையாக வந்தால் ஏதோ புழுங்குகிறது. கறுப்பாக வந்தால் எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. ஒன்றுமே தெரியாமல் வானம் மட்டும் லேசாக ஆடினால் நெருப்பு சரி. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கண்ணால்தான் பார்க்கிறேன்.

உங்கள் அடுப்புக்குப் பின்னால் இருப்பது சுண்ணாம்புச் சுவர் என்று ஞாபகம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் புகை எப்படித் தெரியும்? அடுப்புக்குப் பின்பக்கம் ஆள் உயரத்துக்குக் கறுப்புச் சாயம் அடி. புகை முதலில் பஞ்சு மாதிரி தெரியும். பிறகு மெலிந்து நீலமாகும். நீலமும் போய் அனல் மட்டும் அலைகிற நேரத்தில், கரிமேல் நீறும் பூத்திருந்தால் வைக்கலாம். அதற்கு மூக்கு தேவையில்லை. நீயும் தேவையில்லை.

யார் சொன்னது என்று கேட்டால் நான் சொன்னதாகச் சொல். என்னைத் திட்டட்டும். தூரத்தில் இருப்பவனால் இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலம் என்று நம்புகிறேன். கால் கொஞ்சம் வடிந்திருக்கிறது. மருந்தா வரிசையா தெரியவில்லை.

சாயம் அடித்தாயிற்று. அவர் கோழி வாங்கப் போன நேரத்தில் நானும் தையற்காரரும் சேர்ந்து அடித்தோம். திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது? யாரு செத்தா?"

"தம்பிதான் சொன்னான். அழுக்குத் தெரியாதாம்."

"உன் தம்பிக்கு அழுக்குத் தெரியக்கூடாதுன்னா அவன் மூஞ்சில அடிச்சுக்கட்டும். என் சுவத்துல அவனுக்கு என்ன வேலை?"

தையற்காரர் சாயத் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே, "எனக்குத் தையல் வேலை இருக்கு" என்று போய்விட்டார்.

மாலையில் அடுப்புப் பற்றவைத்தார். நான் வழக்கம்போல வெங்காயத்தோடு உட்கார்ந்தேன். கறுப்புச் சுவரின் முன்னால் புகை எழும்பியது. இவ்வளவு புகை இத்தனை நாளும் இங்கேயா இருந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவர் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மெலிந்தது. நீலமானது. பிறகு சுவர் மட்டும் தண்ணீருக்குள் இருப்பதுபோல அசைந்தது. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கோழியை வைத்துவிட்டார். குனியவில்லை. மோந்து பார்ப்பதுபோல் பாவனை செய்யவும் இல்லை.

முதுகை எனக்குக் காட்டியபடியே கேட்டார். "எப்பலேருந்து தெரியும்?"

"மழைக்காலத்துலேருந்து."

"சொல்லியிருக்கலாம்."

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"ஆள் காத்திருக்காங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே. ஒரு நாய்கூட இருக்காது வாசல்ல."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? உன் குரல்ல தெரியும்."

கோழியைத் திருப்பிப் போட்டார்.

போன வெள்ளிக்கிழமை நான் வரிசையில் இருந்தபோது சுட்ட கோழியைத் தையற்காரர் முழுதாகத் தின்றார். கசப்பில்லை என்றார். இரண்டு பேரிடம் தனியாகக் கேட்டேன், அவர்களும் அப்படியே சொன்னார்கள். நீ சொன்ன வழி பலித்துவிட்டது.

ஆனால் ஒன்று. முன்பெல்லாம் கோழியைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். யாரையும் எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. இப்போது ஒவ்வொருவரையும் கேட்கிறார். "நல்லா இருக்கா? நிஜமாவா?" அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். தெருவில் அதைப் பணிவு என்று நினைக்கிறார்கள். தனக்குப் பரிமாறிய சோற்றைப் பாதியில் தள்ளிவிடுகிறார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

டாக்டரிடம் வரச் சம்மதித்துவிட்டார்.

அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உன் கால் வடிந்தது என்ற வரியை இரண்டுமுறை படித்தேன்.

அத்தான் என்னைத் திட்டியதைக் குட்டிக்குப் படித்துக் காட்டினேன். இன்னொருமுறை படிக்கச் சொன்னாள்.

வரலாம் என்றுதான் இருக்கிறது. இங்கே மாற்று ஆள் கிடைக்கவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மேற்பார்வையாளர் பார்க்கிறேன் என்கிறார். பார்க்கிறேன் என்று அவர் சொன்னது எதையும் இதுவரை பார்த்ததில்லை.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுது. நீ நினைத்ததை எழுதாதே, அவர் சொன்னதை எழுது.

தம்பி


ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உன் முதுகு, பிறகு குட்டியின் புதுப் பல், பிறகு உன் வீட்டுக்காரியின் சுகம். மூன்றையும் விசாரித்துவிட்டேன். நான் நடக்கிறேன்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூக்குக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார். இரண்டில் ஒன்று என்றார். உள்ளே சதை வளர்ந்து அடைத்திருந்தால் வெட்டி எடுத்துவிடலாம், வாசனை திரும்பலாம். காய்ச்சலில் நரம்பு பட்டுப்போயிருந்தால் மருந்தில்லை, தானாக வந்தால் உண்டு. எது என்று படம் எடுத்தால்தான் தெரியுமாம். படம் எடுத்தாயிற்று.

உன் அத்தான் கேட்டது ஒரே கேள்வி. "கரி வேலையை விடணுமா டாக்டர்?"

"ரிப்போர்ட் வரட்டும். நெஞ்சையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார். நெஞ்சு எதற்கு என்று நான் கேட்கவில்லை. உன் அத்தானும் கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். "வாசனை வந்துட்டா மொதல்ல எதை மோந்து பாக்கலாம்னு யோசிச்சேன்."

"எதை?"

"ஒண்ணும் தோணல. பூ, பழம்னு நினைச்சுப் பாத்தேன். பேருதான் வருது. வாசனை எப்படி இருக்கும்னே ஞாபகம் இல்ல."

பக்கத்தில் மருந்து நெடி மூச்சை அடைத்தது. அவருக்கு அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ரிப்போர்ட் வருகிற வியாழக்கிழமை காலை. அன்று கடை விடுமுறை என்று அவரே பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கோழி அனுப்புவது என்று கோழிக்காரர் ஆள்விட்டுக் கேட்டார். உன் அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வியாழன் சாயங்காலம் சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறோம்.

அக்கா